எனக்கென்று வைத்த தனி டம்ளர்

உறையூரில் எங்கள் வீடு. போன வருஷம் மூட்டுவலியும் கன்னத்தில் சிவப்புத் தடிப்பும் விடாமல் படுத்தவே, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். தகாத உறவால் தொற்றும் மேக நோய் என்று முடிவு வந்தது! மாமியார் அன்றே எனக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார். கணவர் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. நேரே பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன்.

"அழாதீங்கம்மா," என்றார்.

"அழலை டாக்டர், கோபமா இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "இந்தப் பரிசோதனையில, மாட்டு இருதயத்துலேருந்து சுத்தம் பண்ணி எடுத்த ஒரு பொருளை ரத்தத்தோட சேர்ப்பாங்க. மேக நோய் இருந்தா திரிதிரியா திரண்டு வரும். உடம்பு தன்னையே எதிர்க்கிற வியாதியிலயும் அப்படித்தான் வரும். ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பி வேற விதமா பார்த்துடலாம்."

பார்த்ததில் மேக நோய் இல்லவே இல்லை. டாக்டர் சொன்னதுபோல் உடம்பு தன்னையே எதிர்க்கிற, லூபஸ் என்ற வியாதியாம். மாத்திரையில் வலி அடங்கியது. முடிவைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன். கணவர் தலை குனிந்தார்.

"தப்பா நெனச்சுட்டேம்மா," என்றார் மாமியார்.

இப்போது யார் பரிசோதனை முடிவைக் காட்டினாலும், "வேற விதத்துலயும் பார்த்தீங்களா?" என்று கேட்காமல் விடுவதில்லை. அந்தத் தனி டம்ளரையும் நான் தூக்கிப் போடவில்லை. தினமும் அதில்தான் மாமியாருக்குக் காப்பி ஆற்றிக் கொடுக்கிறேன். மறுபேச்சில்லாமல் குடிக்கிறார்.