பார்சல் கட்டாத அத்தோ

சிறுசேரியில் நான் தனியாக இருக்கும் வீட்டின் வாசலில் அத்தோ பார்சலை வாங்கிப் பிரித்ததும், வறுத்த பூண்டும் புளித்தண்ணீரும் கலந்த வாசனை என்னைத் திருவொற்றியூருக்கு இழுத்துப்போனது. இப்போது மெட்ரோ தூண் நிற்கும் இடத்தில், அன்று பர்மாவிலிருந்து வந்த அக்கா ஒருத்தி மஞ்சள் நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் வெறுங்கையால் பிசைந்துகொண்டிருப்பாள். கரண்டியால் கிளறினால் அது அத்தோவே அல்ல என்று இன்றும் சண்டை போடுவேன். அம்மா இறந்த பிறகு, ஹார்பர் வேலை முடிந்து வரும் நைனா தினமும் என்னை அங்கேதான் கூட்டிப்போவார். வாழைத்தண்டு சூப்பை மறுபடி மறுபடி வாங்கி, கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி ஊதி ஊதிக் குடிப்பார்.

"கொயந்த தூங்கி வியுதுப்பா. பார்சல் கட்டட்டா?" என்பாள் அக்கா.

"பார்சலா? வூட்டுக்கு எட்த்துகினு போனா அத்தோ செத்துப்பூடும்க்கா. நின்னுகினுதான் துன்னணும்."

அது நாக்கின் பிடிவாதம் என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன்.

இன்று, விளக்குப் போடாத அறைக்குள் போக மனமில்லாமல், வாசலில் நின்றபடியே பார்சலைத் தின்று முடித்தேன். ருசி ஒன்றும் செத்துப்போகவில்லை, நைனா.