சும்மா உட்கார ஒரு நாள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் மழைநீர் நிற்கும் நீலப் பீப்பாயில் முகத்தை அமிழ்த்திக் குனிந்திருக்கிறார் ரோஸ்மேரி. கண்ணையும் மூக்கையும் மூடிய கடல் கண்ணாடி. கடலடியில் முங்கப் போவதற்கு முன் பழகும் வித்தை இது: அதற்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். மலையூரான ரிங்லெட்டின் காலைக் குளிரில் அந்தத் தண்ணீரில் விரல் வைக்கவே யோசிக்க வேண்டும். அவர் ஆறு முறை செய்கிறார்.

பக்கத்து வீட்டு மணியம்மா துணி அலசிக்கொண்டே கேட்கிறார்: "மீனு ஏதும் கெடைச்சிச்சா?"

"ஒரு கெழட்டு மீனு கரையில நின்னு கத்திக்கிட்டு இருக்கு லா."

ரோஸ்மேரிக்கு வயது ஐம்பத்து மூன்று. தேயிலைக் கொழுந்து அறுக்கும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்க வேண்டும். ரோஸ்மேரி பிடிப்பது எஞ்சின் இருக்கும் கனமான பக்கம். மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முறைப்பார். கணவர் கிரகரிக்குக் கடல் என்றாலே குமட்டும். கூட வருவதில்லை, தடுப்பதுமில்லை. பேருந்து நிலையம் வரை பையைத் தூக்கி வருவதோடு சரி.

மூன்று வருடமாக, வருடத்துக்கு ஒரு முறை தியோமான் தீவு. முங்கு நீச்சல் கடைக்குப் பின்னால் ஆறு பேர் படுக்கும் மின்விசிறி அறை. அந்தக் கரையிலேயே மலிவான கட்டில். வாசல் கொடியில் ரப்பர் உடைகள் சொட்டிக்கொண்டிருக்கும். ஆறு கட்டிலில் இவர் கேட்டு வாங்குவது மேல்தட்டு. "கீழ படுத்தா அடுத்தவ காலுதான் தெரியும்." கைப்பையில் குட்டி சோற்றுப் பானை, நெத்திலி சம்பல், தேயிலைத்தூள். ஐந்து மணிக்கே எழுந்து தேநீர் போடுவார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கோப்பையோடு வந்து நிற்பார்கள். கடலுக்கடியில் என்னதான் இருக்கிறது என்று கேட்டால், "கீழ யாரும் பேரு சொல்லிக் கூப்ட முடியாது பாரு, அது இருக்கு" என்பார்.

போன வருடம் ஒரு பிழை செய்தார். மூழ்கி எழுந்த கையோடு படகு, பேருந்து என்று மாறி நேரே மலையேறிவிட்டார். வீட்டுக்குள் நுழையும்போதே தோள்மூட்டில் குடைச்சல், உடம்பெல்லாம் அரிப்பு. கடல்காற்று அடித்துவிட்டது என்று மணியம்மா தைலம் தேய்த்தார். மறுநாள் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. தீவில் முங்கக் கற்றுக்கொடுத்த ஹைகல், மலாயில் அத்தை முறை வைத்துக் கூப்பிடுகிறவன், போனில் கத்தினான்: "மாச்சிக், உங்க வீடு மலையிலன்னு சொல்லவே இல்லியே! ஒரு நாள் முழுசா கீழ உக்காந்துட்டுத்தான் ஏறணும்."

ஆகவே இந்த வருடம் நான்கு நாள் லீவு கேட்டார். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி இருளப்பன் லீவு பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போக ஒன்னு, முங்க ஒன்னு, வர ஒன்னு. நாலாவது எதுக்குக்கா?"

"சும்மா உக்கார."

"சும்மா உக்காரவா?"

"முங்கிட்டு ஒடனே மல ஏறக்கூடாது கிராணி. சோடா போத்தல டக்குனு தொறந்தா பொங்குதுல்ல? ரத்தம் அப்படிப் பொங்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இருளப்பன் குரலைத் தாழ்த்தினார். "சாவுன்னு எழுதுங்கக்கா. தூரத்துச் சொந்தம் யாராச்சும். நாலு நாளு கெடைச்சிரும்."

அந்த ஆபீசில் அதுதான் வழக்கம். நாகரத்தினத்தின் மாமியார் இரண்டு முறை இறந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

"நான் யாரையும் சாவடிக்க மாட்டேன்," என்றார் ரோஸ்மேரி. "நான் உசுரோட இருக்கத்தான் கேக்குறேன்."

இருளப்பன் நான்கை அடித்து மூன்று என்று எழுதி, பாரத்தை அவர் பக்கம் தள்ளினார். "நாலாவது நாளு வராம நின்னீங்கன்னா வார்னிங் லெட்டர்தான். அப்புறம் மெஷின வேற ஆளு புடிப்பான். சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்கல்ல?"

ரோஸ்மேரி மேசை மேலிருந்த அவருடைய பேனாவையே எடுத்தார். மூன்றை அடித்து நான்கு என்று எழுதினார். காரணம் கேட்கும் கட்டத்தில், 'சும்மா உட்கார' என்று மலாயில் நிறுத்தி நிதானமாக எழுதினார். பிறகு, திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில், கிராணிகள் போடுவது போலவே சின்னதாக ஒரு கையெழுத்தைப் போட்டு, உள்ளே நடந்து போய், தோட்ட மேனேஜர் துரையின் மேசையில், அவர் பார்வைக்கு வைக்கும் தட்டில் எல்லாக் காகிதத்துக்கும் மேலே அதை வைத்தார்.