எங்கள் மேசையின் ஐரோப்பாக்காரன்

அன்றைக்கு மேசையில் இருந்தது நாலு பேர். முதலாவது அண்ணை. எங்களுக்கு மூத்தவர், லண்டனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் இலங்கைப் பாஸ்போட்டை மாற்றாதவர். இரண்டாவது சூப்பர்வைசர். தமிழ்நாட்டுக்காரர், கேட்டரிங் படித்து வேலை விசாவில் வந்தவர். மூன்றாவது என் மனைவியின் தம்பி. நாலாவது நான்.

இடம் ஹவுன்ஸ்லோ. விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்புகிற கிச்சன். காலை பத்து மணிக்கு இருபது நிமிடம் பிரேக் தருவார்கள். அந்த இருபது நிமிடமும் அந்தக் கிழமை ஒரே கதைதான். நாடு ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா. வோட்டுக்கு இன்னும் ஏழு நாள்.

மச்சானுக்கு வோட் இல்லை. அவன் அகதியாகப் போனது ஹொலண்டுக்கு. அங்கே பாஸ்போட் எடுத்து, பிள்ளைகள் இங்கிலிஷ் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவன். ஐரோப்பியப் பாஸ்போட்காரருக்கு இந்த வோட் கிடையாது. இலங்கை, இந்தியப் பாஸ்போட் வைத்து இங்கே குடியிருக்கிறவர்களுக்கு உண்டு. ஒருகாலத்தில் வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகள் என்பதால் அப்படி ஒரு சட்டம். அண்ணைக்கு அது நல்ல பகிடி.

"தம்பி, நீ ஐரோப்பாக்காரன். கொஞ்சம் தள்ளி இரு. இது எங்கட நாட்டு விசயம்."

"எங்கட நாடு எண்டா எது அண்ணை?"

"அதைக் கேக்காதை. எனக்கு வோட்டுக் காட் வந்திட்டுது."

எல்லோரும் சிரித்தோம். மச்சானும் சிரித்தான்.

அண்ணை விலக வேண்டும் என்ற கட்சி. போலந்துக்காரன் விசா இல்லாமல் வந்து இறங்குகிறான், எங்கள் ஆட்களுக்கு ஒரு கலியாணத்துக்கு வரக்கூட விசா இல்லை, அவர்களை மறித்தால் எங்களுக்கு இடம் வரும் என்றார். சூப்பர்வைசர் அப்படி இல்லை என்றார். அவர்களை மறிக்கிறவன் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பானா என்று கேட்டார். அண்ணை தேத்தண்ணியை ஊதினார்.

எனக்கு ஊரில் ஒரு தம்பி. என் மகளின் கலியாணத்துக்கு வர விசா கேட்டான். இல்லை என்றார்கள். திரும்பக் கேட்டான். திரும்பவும் இல்லை. கலியாணம் அவன் இல்லாமல் நடந்தது. அண்ணை இடம் வரும் என்று சொன்னபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது.

மணி அடித்தது. எழும்பும்போது மச்சான் என் கையைப் பிடித்தான்.

"அத்தான், எனக்கு வோட் இல்லை. எனக்கும் சேத்து இருக்கிறதுக்குப் போடுங்கோ."

"ம்" என்றேன்.

அந்த ஏழு நாளும் எனக்குச் சரியில்லை. ட்ரேக்கள் ஓடும் பெல்ட்டில் நின்றால் கை வேலை செய்தது, மனம் நிற்கவில்லை. இரண்டு தரம் ட்ரேயில் கரண்டி வைக்க மறந்தேன்.

என் வாழ்க்கையில் அதுதான் முதல் வோட். ஊரில் எனக்கு வோட் வயது வந்தது சண்டைக் காலத்தில், ஒரு பக்கம் போடு என்றது, மற்றப் பக்கம் போடாதே என்றது. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தோம். லண்டனில் ஒரு சேர்ச் மண்டபம். கயிற்றில் கட்டிய பென்சில். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. விலகுவதற்குப் புள்ளடி போட்டேன். வெளியே வந்து பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன்.

அடுத்த நாள் முடிவு தெரிந்தது. விலகுவது என்று வந்தது. அண்ணைகூடப் பெரிதாகச் சந்தோசப்படவில்லை. அன்றைக்கு மச்சானின் ட்ரொலியையும் நானே தள்ளினேன். இரண்டு நாள் கழித்து அவன் கேட்டான்.

"போட்டனீங்களோ அத்தான்?"

"போட்டனான்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

பிறகு வருடக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ரீவியில் மட்டும் நடந்தது. ஐரோப்பியர் எல்லாரும் தொடர்ந்து இருக்கப் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். பஸ்ஸிலும் ஒட்டியிருந்தார்கள். என் மனைவி தன் தம்பியிடம் சொன்னாள். "அது போலந்துக்காரருக்கு அக்கா. நான் தமிழன்" என்றான். அவனை ஐரோப்பாக்காரன் என்று பகிடி பண்ணிய அண்ணையும் தேவையில்லை என்றார். நானும் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். எங்களில் ஒருவன், வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவனை யார் ஐரோப்பியன் என்று பார்ப்பது? சூப்பர்வைசர் மட்டும் பதியுங்க, பதியுங்க என்றார். உங்களுக்குப் பேப்பர் என்றால் உயிர் என்று அவரைக் கிண்டல் செய்தோம்.

கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பப் பறக்கத் தொடங்கியதும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் புது ஆட்களிடம் கேட்பதைப் போல எல்லாப் பத்திரமும் கேட்டார்கள். மச்சான் ஹொலண்ட் பாஸ்போட்டை நீட்டினான். இது இனிச் செல்லாது, பதிந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். பதியும் கடைசித் திகதி போய் இரண்டு மாதம். பிந்தி விண்ணப்பித்தாலும், முடிவு வந்தால்தான் வேலை என்றது கம்பனி.

அவன் வெளியே வந்து கேற்றடியில் நின்றான். என்னைப் பார்த்து, "நான் வெள்ளைக்காரனாம் அத்தான்" என்றான். சிரிக்கவில்லை.

எல்லாம் போனில் செய்கிறது என்று மனைவி சொன்னாள். நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு விசா என்றால் குரோய்டன் குடிவரவு ஒபீஸ்தான். நான் அகதியாக வந்து விடியக் காலையில் வரிசையில் நின்றது அங்கேதான். ஒரு பையில் எல்லாப் பத்திரத்தையும் போட்டுக்கொண்டு போனோம். இரண்டு ரயில் மாறினோம். அந்தப் பெரிய கட்டிட வாசலில் வரிசை இல்லை. காவலுக்கு நின்றவர் பையைப் பார்த்தார், பாஸ்போட்டைப் பார்த்தார், தன் போனைத் தூக்கிக் காட்டினார். இதில் செய் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும் ரயிலில் எதிரெதிரே இருந்தோம். அவன் பையை மடியில் வைப்பான், கீழே வைப்பான். எனக்கு அதற்கு மேல் ஏலவில்லை.

"நான் விலகிறதுக்குத்தான் போட்டனான்" என்றேன்.

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"தெரியும்."

"எப்பிடி?"

"ரிசல்ட் வந்த அண்டைக்கு என்ர ட்ரொலியையும் தள்ளினீங்கள். ஒருநாளும் தள்ளாத ஆள்."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டு? எண்ணி முடிச்சிட்டாங்கள்தானே."

கொஞ்சம் கழித்து, ஊரில் இருக்கிற தம்பிக்காகவோ என்று கேட்டான். ஓம் என்றேன். தலையை ஆட்டினான்.

அன்று பின்னேரமே என் வீட்டில் இருந்து விண்ணப்பம் போட்டோம். மனைவிதான் தட்டினாள். ஏன் பிந்தியது என்று ஒரு கேள்வி இருந்தது. சுகமில்லை என்று எழுதலாம் என்றேன். அவன் வேண்டாம் என்றான்.

"நான் ஐரோப்பாக்காரன் எண்டு எனக்குத் தெரியாது எண்டு எழுதுங்கோ அக்கா."

அவள் அவனை ஒருக்கால் பார்த்துவிட்டு அப்படியே எழுதினாள்.

பிறகு காத்திருப்பு. அவன் வீட்டில் இருக்க மாட்டான். ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டுக்கு நடந்து வருவான். கதிரையில் இருக்கமாட்டான், நின்றபடியே தேத்தண்ணி குடிப்பான், போவான். போன் கையில்தான். அது சத்தம் போட்டால் எல்லோரும் அவன் கையைப் பார்ப்போம். அனேகமாகப் பீட்சாக் கடை விளம்பரம்.

விலகுவதற்குப் போட்டதை மனைவியிடமும் சொன்னேன். அவள் நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் சோறு போட்டாள்.

கிச்சனில் பத்து மணி பிரேக்குக்கு நான் வெளியே போய் நின்றேன். அந்த மேசையில் இருக்க ஏலவில்லை. அண்ணை ஒருநாள் பின்னால் வந்தார். பிரிட்டிஷ் பாஸ்போட்டுக்கு எந்த ஃபோம் என்று மனைவியிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். ஏன் அண்ணை இப்போது என்றேன். சும்மா என்றார்.

அந்த நாட்களில் ஊரில் தம்பி மூன்றாம் தரமும் விசா கேட்டான். இல்லை என்று வந்தது. நான் மச்சானிடம் சொல்லவில்லை. எப்படியோ அவனுக்குத் தெரிந்திருந்தது. கோயிலில் என் பக்கத்தில் வந்து நின்றான். வேறொன்றும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை பிரேக் நேரம் போன் வந்தது.

"வந்திட்டுது அத்தான். இருக்கலாமாம்."

"நல்லது."

விமானம் ஒன்று மேலே போய் முடியும்வரை பொறுத்தோம். எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

நூற்று அறுபத்து மூன்று.