பூண் போட்ட ஹாக்கி ஸ்டிக்

ஹாக்கி ஸ்டிக்கை யார் கையில் கொடுத்தாலும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். வளைந்த முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து, உடம்புப் பாரத்தை எல்லாம் அதன்மேல் போட்டு அழுத்துவார்கள். பிறகு உதட்டைப் பிதுக்கி ஒரு தீர்ப்புச் சொல்வார்கள். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட அடித்திருக்க மாட்டார்கள், ஆனால் தீர்ப்பு மட்டும் தயாராக இருக்கும். முப்பது வருஷம் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். யாராவது ஸ்டிக்கைத் தரையில் ஊன்றினால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் தொடக்கம். குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய்ப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஹாக்கியில் லெஃப்ட் ஹாஃப், அதாவது இடப்பக்கம் நடுவரிசையில் ஆடுகிறவள். பதினோரு பேர் ஆடும் அணிக்குப் பள்ளியில் உருப்படியாக இருந்தவை ஆறு ஸ்டிக்குகள். மற்றவர்கள் ஆணி அடித்ததையும் நூல் சுற்றியதையும் வைத்துக்கொண்டு சமாளித்தோம். அந்த வருஷம் மாவட்ட அணிக்கான தேர்வு அரியலூரில் நடக்கப்போவதாக அறிவித்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து நான் ஒருத்திதான். மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் உடற்கல்விப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்கும். என் மார்க்கை நம்பினால் எங்கும் எதுவும் கிடைக்காது. அம்மாவோ பரீட்சை முடிந்த மறுநாளே ஜாதகத்தைக் கையில் எடுக்கக் காத்திருந்தாள். ஆக, எனக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

புது ஸ்டிக் வேண்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா எறையூர் ஆலைக்கு மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றிப் போகிறவர். நுகத்தடி, அச்சு, ஆரக்கால் என்று மரத்தோடு மல்லுக்கட்டியே வாழ்ந்தவர். அவரைப் பொறுத்தவரை வளைகிற மரம் அடுப்புக்குத்தான் லாயக்கு. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதே தெருவில் இருந்தார். ஊர்த் திருவிழாவில் சிலம்பம் சுற்றுகிறவர். வளையாத கம்பைக் கம்பு என்றே அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இந்த இருவரும் சேர்ந்துதான் என்னைத் திருச்சிக்கு ஸ்டிக் வாங்க அழைத்துப் போனார்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஐந்தாறு ஸ்டிக்குகளை எடுத்து மேசைமேல் பரப்பிவிட்டு விளக்கினார். "கீழ முசுக்கட்டை மரங்க, கைப்பிடி பிரம்பு. பிரம்பைப் பிளந்து நடுவுல ரப்பர் வெச்சுப் பசை போட்டு ஒட்டியிருக்கும். ரப்பர் சாஸ்தின்னா நெளியும், கம்மின்னா வெறைப்பா நிக்கும். பின்னாடி நின்னு ஓங்கி அடிக்கிறவங்களுக்கு வெறைப்பு வேணும். முன்னாடி ஓடுறவங்களுக்கு நெளிவு வேணும், பந்து கூடவே வரும். பாப்பா எந்த எடத்துல ஆடுது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா ஒரு ஸ்டிக்கைத் தரையில் ஊன்றிவிட்டார்.

"இது என்னங்க, பூசாரி பெரம்பாட்டம் ஆடுது. நாளைக்கே ஒடிஞ்சு போவும்."

"மச்சான், வளையாததுதான் ஒடியும்" என்றார் மாமா, இன்னொன்றை ஊன்றிக்கொண்டே. "அடி வாங்குனா கம்பு உள்வாங்கணும். இல்லன்னா புள்ள மணிக்கட்டு போயிரும்."

"மாப்ள, இது சண்டைக்கா போவுது? பந்துதான அடிக்கப் போவுது."

"பந்தும் அடிதான் மச்சான்."

அரை மணி நேரம். சத்தியமாக அரை மணி நேரம். கடைக்காரர் இரண்டாவது முறையும் என்னைப் பார்த்து, "எந்த எடம் பாப்பா?" என்று கேட்டார். "அவளுக்கு என்னங்க தெரியும், சின்னப் புள்ள" என்றார் அப்பா. ஆடப் போகிறவள் நான். பதினெட்டு வயது ஆகப்போகிறது. எனக்குத் தெரியாதாம், வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியுமாம். கடைசியில் அப்பா இரும்புக் கடப்பாரைபோல விறைப்பாக நின்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பின்னால் நிற்கிற ஃபுல்பேக்குக்கு அது சரியாக இருந்திருக்கும். நான் ஹாஃப். பந்தை வாங்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும், எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. சொல்லலாம் என்று பார்த்தேன். மாமாவின் முகம் போன போக்கில், நான் வாயைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸ்டிக் என் கையிலேயே இல்லை. கண்டக்டர் ஊன்றிப் பார்த்தார். கூடை வைத்திருந்த அம்மா ஒருத்தர் ஊன்றிப் பார்த்து, "ஆடு ஓட்ட நல்லாருக்கும்" என்றார். பாடாலூரில் ஏறிய ஒருவர், "இதைவிட மூங்கில் தேவலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். மாமா பெரம்பலூர் வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

அந்த ஸ்டிக்கோடு நான்கு நாள் ஆடினேன். அடித்தால் கை அதிர்ந்தது, ஆனால் பழகிவிடும் என்று தோன்றியது. அப்போது பார்த்து அரைப் பரீட்சை வந்தது. "முடியுற வரைக்கும் இந்தப் பேச்சே கூடாது" என்று அம்மா ஸ்டிக்கைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். பரணில்தான் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து மாமா அதை எடுத்துப் போயிருக்கிறார். அதற்குக் கொஞ்சம் வளைவு கொடுக்கலாம் என்று.

சிலம்பக் கம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவி, நிழலில் காயவைத்துப் பதம் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாமா அதில் கெட்டிக்காரர். அந்தப் பதத்தை என் ஸ்டிக்குக்கும் செய்தார். ஊறப்போட்ட இடம் அவர் வீட்டு மாட்டுக் கழனித் தண்ணீர்த் தொட்டி. மூன்று நாள்.

பரீட்சை முடிந்து பரணில் தேடிக் கிடைக்காமல் நான் கத்திக்கொண்டிருந்தபோது மாமா அதைக் கொண்டுவந்து நீட்டினார். புளித்த கழனி வாடை குப்பென்று அடித்தது. கைப்பிடித் துணி அவிழ்ந்து தொங்கியது. பசை கரைந்து, உள்ளே பிரம்புப் பட்டைகள் வாழைப்பூ மடல்போல ஆளுக்கொரு பக்கம் விரிந்து நின்றன. மாமா அதை ஊன்றி அழுத்திக் காட்டினார். வளைந்தது. எப்படி வளையாமல் இருக்கும்?

"இப்ப பாரு, எப்படி வருது" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் போய் நன்றாக அழுதேன். திட்டியிருக்கலாம். அன்பாகக் கெடுக்கிறவர்களை எப்படித் திட்டுவது என்று இன்றுவரை நான் கற்றுக்கொள்ளவில்லை.

அப்பா வந்து பார்த்துவிட்டு மாமாவை நான்கு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார். பிறகு, "நீ அழுவாத ஆயி, நான் பாத்துக்கறேன்" என்று ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நேராகக் கொல்லுப் பட்டறை. வண்டிச் சக்கரத்தின் நடுக்குடம் விரிசல் விட்டால் என்ன செய்வாரோ அதையே செய்தார். பட்டைகளைச் சேர்த்து இறுக்கி, கைப்பிடி முடிகிற இடத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பூண் ஒன்றை மாட்டி, தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக் கொண்டுவந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே பிடித்த குரங்குக்கு இரும்பில் அரைஞாண் வேறு. ஆனால் விரிசல் தெரியவில்லை, அடித்தால் பந்து போனது. தேர்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பள்ளி ஸ்டிக் ஒன்றை எடுத்துப் போ என்று விளையாட்டு டீச்சர் சொன்னபோது, "எனக்குச் சொந்தமாவே இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாய்க்கொழுப்புக்கு மட்டும் அப்பாவோ மாமாவோ பொறுப்பில்லை.

அரியலூர் மைதானம் சுண்ணாம்புப் பூமி. வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்ளாமல் ஒரே வேப்பமரத்தின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஒரு பிரிவு ஆடி முடித்திருந்தது, நான் இரண்டாவது பிரிவு. இறங்குவதற்கு முன் நடுவர் ஒருவர் கையில் ஒரு வளையத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டிக்கையும் அதற்குள் நுழைத்துப் பார்த்தார். வளையத்துக்குள் முழுதாகப் புகுந்து வெளியே வந்தால்தான் அந்த ஸ்டிக் செல்லும். அப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னுடையது பூணில் மாட்டிக்கொண்டது. அவர் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, இரும்பெல்லாம் போட்டுக் கொண்டாந்திருக்க? அடுத்தவ மண்டையை உடைக்கவா? வேற ஸ்டிக் இருந்தா ஆடு, இல்லன்னா ஒதுங்கி நில்லு."

ஒதுங்கி நின்றேன். அந்த நிமிஷம் அப்பாவையும் மாமாவையும் மனதில் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை எழுத முடியாது.

காலையில் ஆடி முடித்து மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். கறுத்து, ஒல்லியாக, என் வயதுதான். விரல் நுனிகளில் எல்லாம் தோல் உரிந்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிற கைகளில் ஓட்டின் காரப் பால் பட்டுப் பட்டு அப்படித்தான் ஆகும்.

"எந்த எடம் ஆடுறீங்க?" என்று கேட்டாள்.

"லெஃப்ட் ஹாஃப்."

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "அப்ப இது சரியா இருக்கும்" என்று தன் ஸ்டிக்கை நீட்டினாள். நான் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

கையில் பிடித்த மாத்திரத்தில் தெரிந்தது. ரொம்ப விறைப்பும் இல்லை, ரொம்ப நெளிவும் இல்லை. வேகமாக வந்த பந்து ஸ்டிக்கில் பட்டதும் அடங்கி நின்றது. தள்ளினால் நினைத்த இடத்துக்குப் போனது. கைப்பிடியில் சுற்றியிருந்த பழைய சேலைக் கிழிசல் வியர்வையை உறிஞ்சியது. அன்றைக்கு ஆடிய மாதிரி அதற்குப் பிறகும் நான் ஆடியதில்லை.

சாயங்காலம் எல்லோரையும் இடவாரியாக வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஃபுல்பேக் இந்தப் பக்கம், சென்டர் ஹாஃப் அந்தப் பக்கம். "லெஃப்ட் ஹாஃப் எல்லாம் இங்க வாங்க. ஒருத்தர்தான் எடுப்போம்." நான் போய் நின்றேன். எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள்.

என் பெயரை வாசித்தார்கள்.

ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முனையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். அவிழ்ந்திருந்த துணியை இறுக்கிச் சுற்றினாள். "நல்லா ஆடுனீங்க. ஆண்டிமடம் பஸ்ஸு போயிரும், வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தரையில் ஊன்றவில்லை, தோளில்தான் வைத்துக்கொண்டு போனாள்.

பெரம்பலூர் பஸ்ஸில் அப்பாவும் மாமாவும் ஒருவழியாகப் பேச ஆரம்பித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்ததில் நான் எந்த ஸ்டிக்கில் ஆடினேன் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

"பூண் போட்டதுதான் காப்பாத்துச்சு மாப்ள."

"நான் ஊறப்போட்டதுலதான் மச்சான் அந்த நெளிவு வந்துச்சு. பந்து எப்படி அடங்கி நின்னுச்சு, பாத்தீங்கல்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "நீங்க கொடுத்ததை உள்ளயே விடல. ஆண்டிமடத்துப் புள்ள ஒண்ணு அதோட ஸ்டிக்கைக் கொடுத்துச்சு. அதுலதான் ஆடுனேன்."

மாமா கையில் பூண் போட்ட ஸ்டிக் இருந்தது. அப்பா அதை வாங்கிப் பூணை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, திருச்சிக் கடையில் என்னைப் பதில் சொல்லவிடாத அந்தக் கேள்வியை, அன்றைக்கு முதல்முறையாக அவரே கேட்டார்.

"அந்தப் புள்ள எந்த எடத்துல ஆடுது?"

"என் எடத்துலதாம்ப்பா" என்றேன்.