விஜிதரன் காத்திருந்த கறை

விஜிதரன் கிணற்றடியில் குந்தியிருந்து குழந்தையின் மலத்துணிகளைக் கசக்கிக்கொண்டிருந்தான். மனைவி பிரேமிளாவுக்குச் சிசேரியன் காயம் நோகிறதென்று தொடங்கிய வேலை. காயம் ஆறியும் அவன் விடவில்லை. தர்மபுரத்தில் அந்த ஒழுங்கையால் போகிற ஆம்பிளைகள் எல்லாம் அவனை நக்கலடித்துவிட்டுத்தான் போனார்கள். அவனோ பெருமையில் மிதந்தான். மகள் சாரங்காவின் துணியில் கறையே பிடிப்பதில்லை. தாய்ப்பால் அவ்வளவு சுத்தமாம், சவர்க்காரம்கூடத் தேவையில்லையாம்.

குழந்தையை நிறுக்க வந்த மருத்துவமாது கமலேஸ்வரியிடமும் அந்தப் பெருமையை அவிழ்த்துவிட்டான். அவர் தராசைக் கீழே வைத்தார்.

"அடுத்த துணியைக் கழுவாமல் எனக்குக் காட்டுங்கோ."

காட்டினான். அரிசிமாக் களி போல வெளிறிக் கிடந்தது. குழந்தையின் கண்ணிலும் மஞ்சள். இளவெயில் காட்டினால் அது போய்விடும் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

"கறை பிடிக்கோணும் தம்பி. பிடிக்காட்டித்தான் பயம். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ."

கிளிநொச்சியில் இரத்தம் எடுத்தார்கள், யாழ்ப்பாணத்தில் ஸ்கான் செய்தார்கள், கொழும்பில் காரணம் சொன்னார்கள். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய் பிறவியிலேயே அடைபட்டிருந்தது. பல்லாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வருவது. யார் பிழையும் இல்லை. ஆனால் விட்டுவைத்தால் ஈரல் கெட்டுவிடும். கெட்ட குழாயை வெட்டியெடுத்து, குடலையே மேலே இழுத்து ஈரலோடு தைத்தார்கள். மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான், அது ஓடுகிறதா என்பதை இனித் துணிதான் சொல்லும் என்றார் டொக்டர்.

அதன்பின் விஜிதரனுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை முக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தான். வெளிறிய துணி. மறுபடியும் வெளிறிய துணி. ஒரு மத்தியானம் பிரேமிளா துணியை அவிழ்த்தாள். பச்சையும் மஞ்சளுமாய் முழுக்க அப்பியிருந்தது.

அவன் அதைத் தூக்கிக்கொண்டு வார்டில் கட்டில் கட்டிலாகக் காட்டப் போனான். சிங்களத் தாய்மார் மூக்கைப் பொத்திக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒரு சொல்லும் புரியாமல் அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு ஊருக்கு வீடியோ அழைப்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்த தகப்பன் வீரையா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பருப்புக்கறியில கைய வச்ச நேரமாடா காட்டுவ?"

"வடிவாப் பாருங்கோ அப்பா. உங்கட பேத்தியின்ரை பித்தம்."

"சரி சரி, இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றார் கிழவர்.

துணியைத் தலைக்கு மேலே பிடித்து ஆடியவனை டொக்டர் மறித்துச் சொன்னார்: இது முதல் படிதான், காய்ச்சல் வந்தால் உடனே கொண்டுவர வேண்டும், பின்னாளில் ஈரல் மாற்றவும் நேரலாம். விஜிதரன் சிரிப்பை அடக்க மாட்டாமல் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான். பிரேமிளாதான் துணியைப் பறித்து வாளிக்குள் போட்டுவிட்டு, டொக்டரைத் திரும்பவும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள்.

மறுநாள் காலை தாதி விற்றமின் மருந்தைச் சிரிஞ்சில் இழுத்து அவன் கையில் கொடுத்தார். முதல் முறை சாரங்கா அதை அவன் சேர்ட்டிலேயே துப்பினாள். இரண்டாம் முறை கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டான். விழுங்கினாள். அவளுடைய வாயைத் துடைத்துவிட்டு, சிரிஞ்சைக் கழுவப் போனான்.