கரண்ட் போகவே மாட்டேன்னு நின்ன நாள்

அந்தக் காலத்துல திருப்பூர்ல கரண்ட் போனா நாங்க எப்படித் திட்டுவோம்னு இங்கத்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி பாதிச் சாயத்துல கெடக்கறப்பப் பாத்துத்தான் போகும். வாயில வர்றதெல்லாம் சொல்லித் திட்டுவேன். அப்பேர்ப்பட்ட நானே கரண்ட் போகோணும்னு சாமியைக் கும்பிட்ட நாள் ஒண்ணு உண்டு. அன்னைக்குப் பாத்து அது அசையல.

அருள்புரத்துல எங்களுக்குச் சின்னதா ஒரு சாயப்பட்டறை. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கப்பன் எனக்குக் குடுத்த ரெண்டு ஏக்கரா தோட்டம், கெணத்தோட. பட்டறை எங்கூட்டுக்காரரோடது, தோட்டம் என்னோடது. அந்த வித்தியாசத்தை அவரு மறக்க நான் விட்டதே இல்லை.

ஒரு வருசம் நல்ல லாபம் வந்துச்சு. உடனே ஆடிட்டரும் வந்துட்டாரு. "ஏனுங்க, வரியாக் கட்டற காசை மெஷினா வாங்கிப் போடுங்க. கரண்டும் சூடும் ஒண்ணா எடுக்கற மெஷினுக்கு, வாங்கின வருசமே மொத்த விலையையும் கணக்குல கழிச்சுக்கலாம்னு சட்டம் இருக்குதுங்க" அப்படின்னாரு. டீசல் ஜெனரேட்டர் ஓடறப்பப் புகையில வீணாப் போற சூட்டைப் பிடிச்சு, சாயத்துக்குத் தண்ணி காய வெக்கற மெஷின். நல்ல யோசனைதான், நான் இல்லேன்னு சொல்லல. எங்கூட்டுக்காரரு கையில இருந்ததையெல்லாம் கொட்டி வாங்கிப் போட்டாரு. வாங்கினதுக்கப்புறம்தான் ஆடிட்டர் மிச்சத்தைச் சொன்னாரு. மார்ச் முடியறதுக்குள்ள மெஷின் ஓடறதை ஒரு அதிகாரி கண்ணால பாத்துக் கையெழுத்துப் போடோணுமாம். போடாட்டிச் சலுகை கெடையாது, வரி முழுசாக் கட்டோணும்.

"கட்டறதுக்கு எங்கீங்க போறது?"ன்னு கேட்டேன். எங்கூட்டுக்காரரு மெதுவா வேலிக்கு அந்தப் பக்கம் பாத்தாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, ஆடிட்டர் மட்டும் இல்லீன்னா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியாது.

மார்ச் கடைசி நாள்தான் அதிகாரி வந்தாரு. தங்கமான மனுசன், நடையிலயே ஒரு பணிவு. எங்கூட்டுக்காரரு மெஷினுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டு நிறுத்தியிருந்தாரு. ஸ்டார்ட் பண்ணப் போனவரை அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, "ஜெனரேட்டருக்கு வாங்கின அனுமதியைக் காட்டுங்க"ன்னாரு. காட்டினோம். சர்க்கார் கரண்ட் இருக்கற நேரத்துல இதை ஓட்டக் கூடாதுன்னு அதுல போட்டிருந்துச்சு. தலைக்கு மேல பல்பு பளபளன்னு எரியுது.

"மெயினை ஆஃப் பண்ணிப் போடறேனுங்க."

"அது நீங்க ஆஃப் பண்றதுங்க. கரண்ட் தானாப் போகோணுமுங்க."

ஒரு சட்டம் ஓட்டினாத்தான் சலுகைங்குது. இன்னொரு சட்டம் ஓட்டினாக் குத்தம்ங்குது. நடுவுல என்ற தோட்டம் மாட்டிக்கிட்டு முழிக்குது. அட கெரகமே!

எங்கூட்டுக்காரரு ஸ்கூட்டரை எடுத்துட்டுக் கரண்ட் ஆபீசுக்கு ஓடினாரு. "காலையில இருந்து கரண்ட் இருக்குதுங்க"ன்னு சொன்னாராம். அங்கிருந்தவரு, "ரொம்பச் சந்தோசமுங்க"ன்னாராம். "கொஞ்சம் போனாத் தேவலைங்க"ன்னாராம் இவரு. இத்தனை வருச சர்வீசுல இப்படியொரு புகார் வந்ததில்லைன்னு அவரு இவருக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சுட்டாரு. டீயைக் குடிச்சுட்டு வந்து நிக்கறாரு மனுசன்!

அதிகாரிக்குச் சோறு போட்டோம். ஊத்துக்குளி நெய்யை ஊத்தினேன். ஃபேன் காத்து ஜிலுஜிலுன்னு வந்துச்சு, உக்காந்தபடியே அவரு கண்ணசந்துட்டாரு. அந்த ஃபேனைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. சாயங்காலம் ஆகப் போகுது, எந்திரிச்சு ஜீப் ஏறிட்டா என்ற தோட்டம் போச்சு.

நேரா வீதிக்குப் போனேன். "ஆளுக்கு ரெண்டு கொடம் வெந்நீர் தர்றேன், ஊட்டுல கரண்டுல ஓடறது என்னென்ன இருக்குதோ எல்லாத்தையும் போடுங்க கண்ணுகளா!"ன்னு கத்தினேன். என்னன்னு கேக்கறதுக்கு முன்னாலயே பாதிப் பேரு உள்ள ஓடிட்டாங்க. கிரைண்டர், மிக்சி, ஹீட்டர் அடுப்பு, எதுத்த பனியன் கம்பெனியில அத்தனை அயர்ன் பாக்ஸ். ஒருத்தி மாவே இல்லாம வெறுங்கல்லை ஆட்டினாள். நான் பட்டறையில இருந்த சாய மெஷினையெல்லாம் துணி இல்லாமயே சுத்த விட்டேன். பல்பு மங்குச்சு. ஃபேன் நொண்டுச்சு. மூலையில நின்ன டிரான்ஸ்பார்மர் டமார்னு வெடிச்சுப் பொகை கக்குச்சு.

"போச்சு! கரண்ட் போச்சு!"ன்னு வீதியே கை தட்டுச்சு. அதிகாரி திடுக்குன்னு எந்திரிச்சாரு. "தானாத்தான் போச்சுங்களா?"

"ஆமாங்க. அதுவா, அதோட இஷ்டத்துக்குப் போச்சுங்க"ன்னேன்.

ஜெனரேட்டர் உறுமுச்சு, வெந்நீர் கொட்டுச்சு. அதிகாரி ஒரு வெரலை வெச்சுப் பாத்து, சுட்டுக்கிட்டு, ஊதிக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. தோட்டம் தப்பிச்சுது. எனக்கு அழுகையே வந்துருச்சு.

வெடிச்சதுக்குப் பதிலாப் புது டிரான்ஸ்பார்மரு ஒரு மாசத்துக்கு வரல. கெணத்து மோட்டாருக்கும் அதுலிருந்துதான் கரண்ட். பங்குனி வெயில்ல, பூவும் பிஞ்சுமா நின்ன என்ற கத்திரிச் செடி தலையைத் தொங்கப் போட்டுருச்சு. பட்டறையில ஜெனரேட்டர் ஓடுதே, ஒரு ஒயரை இழுத்து உடுங்கன்னு கேட்டேன். ஆடிட்டர் பதறிப்போய், பட்டறைக் கரண்ட் வேலியைத் தாண்டினாச் சலுகையெல்லாம் ரத்தாயிரும்னுட்டாரு. சரி, தண்ணியாவது குடுங்கன்னேன். பட்டறைக்கு லாரியில வர்ற தண்ணி மொத்தமும் மெஷினுக்குள்ள போய்த்தான் வெளிய வரும், இல்லாட்டி எஞ்சின் கொதிச்சுரும்.

"வெந்நீர் வேலி தாண்டலாமுங்களா?"

ஆடிட்டர் சட்டப் பொஸ்தகத்தைப் பொரட்டிப் பாத்தாரு. "வெந்நீரைப் பத்திச் சட்டம் ஒண்ணும் சொல்லலீங்க."

கொடம் கொடமா வெந்நீரைத் தூக்கிட்டுப் போய், வரப்புல உக்காந்து, டீ ஆத்தற மாதிரி ஆத்தி ஆத்திச் செடிக்கு ஊத்தினேன். ரெண்டாம் நாள் எங்கூட்டுக்காரரும் ஒரு கொடத்தைத் தூக்கிக்கிட்டு வேலியைத் தாண்டி வந்தாரு. "பேசாமத் தோட்டத்தை வித்திருந்தா இந்தப் பாடு..."ன்னு ஆரம்பிச்சாரு.

"வாயை மூடிட்டு ஆத்துங்க"ன்னேன். இருட்டற வரைக்கும் ஆத்தினாரு.