சிவப்பு வீரரின் மரண அறிவித்தல்

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஜப்பானிய மொழி வகுப்பு நடத்தும் ரீச்சர், படகு இயந்திரம் திருத்துகிற அண்ணை, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசிக்கிற தம்பி, இணையத் தொலைக்காட்சி நடத்தும் முதலாளி, என் மனைவி, நான். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றில் இருப்பதையும் சேர்த்து ஏழு பேர் என்று சொல்லலாமா என்று அன்றைக்கே யோசித்தேன். பிறக்காததை எண்ணக்கூடாது என்று ஒரு பயம். எண்ணாமல் விட்டால் அதுக்குக் குறையோ என்று இன்னொரு பயம்.

என் தொழிலைச் சொன்னால்தான் இந்தப் பயம் விளங்கும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கி கட்டி, தெருத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் அறிவிப்பார்கள். பதினொரு வருடமாக அந்த ஓட்டோவுக்குள் மைக் பிடித்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு உரத்து வாசிக்கிற வேலை எப்படி அமைந்தது என்று கேட்பார்கள். வாசிப்பது கொஞ்சம்தான், மிச்சம் மனப்பாடம். பெயர் மாறும், ஊர் மாறும், பிரேதம் எடுக்கிற நேரம் மாறும். மற்றதெல்லாம் நாக்கு தானாகச் சொல்லும். தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை வரைக்கும் என் குரல் தூரத்தில் கேட்டாலே தண்ணீர் பிடிக்கிறவர்கள் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பார்கள்.

மனைவிக்குப் பிள்ளை தங்கியதும் மைக்கைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சியின் புருசன் பாடை தூக்குவதில்லை, சுடலைக்குப் போவதில்லை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. மைக் பிடிக்கலாமா என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை. பாடை தூக்குகிறவன் ஒரு வீட்டுச் சாவைத் தூக்குகிறான். நான் அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகிறேனே, அது எந்தக் கணக்கு? இதற்கு முதலும் எங்களுக்கு ஒன்று மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அன்று காலையில் நான் இரண்டு அறிவித்தல் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று வைத்தியர் சொன்னார். வைத்தியருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது.

ஆகவே பிள்ளை பிறக்கும் வரை மைக் இல்லை. கடற்கரையில் ஐஸ் பெட்டி தூக்கப் போனேன். கிழமையில் மூன்று நாள்தான் வேலை. அந்த நேரத்தில்தான் ரீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

ரீச்சர் மூன்று வருடம் ஜப்பானில் வயோதிபர்களைப் பராமரித்துவிட்டு வந்தவர். இப்போது இங்கே ஒரு தனியார் கல்வி நிலையத்தில் வகுப்பு எடுக்கிறார். வேலைக்குப் போக விரும்புகிற பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். ஜப்பானில் ஞாயிறு காலைகளில் அந்தக் கிழவர்களோடு இருந்து பார்த்த ஒரு தொடரை அவரால் மறக்க முடியவில்லையாம். ஐந்து நிறத்தில் உடுப்புப் போட்ட ஐந்து வீரர்கள் உலகத்தைக் காப்பாற்றுகிற தொடர். அதைத் தமிழில் குரல் கொடுத்துத் தரச் சொல்லி முதலாளி கேட்டிருக்கிறார். உரிமை வாங்கியாயிற்று என்று முதலாளி சொன்னார். அந்தக் கடதாசியை நான் காணவில்லை. ஜப்பான் பொலிஸ் வந்தால் முதலில் யாரைப் பிடிக்கும் என்று சில நாள் நித்திரை இல்லாமல் கிடந்தேன்.

தொடரைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். குறைகள் நிறைய. ஒவ்வொரு கிழமையும் இராட்சத இயந்திரம் விழுத்துகிற கட்டடம் ஒரே கட்டடம். அதே தண்ணீர்த் தாங்கி, அதே விளம்பரப் பலகை. வில்லனுக்கு உலகத்தின் மேல் என்ன கோபம் என்பது நாலு பகுதிக்கு ஒருதரம் மாறும். பச்சை வீரன் மூன்றாம் பகுதியில் வந்து சேருகிறான், ஏன் சேர்ந்தான் என்று கடைசிவரை ஒருவரும் கேட்பதில்லை. சண்டை எல்லாம் ஒரு கற்கிடங்கில்தான். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் கல் அகழ்ந்த கிடங்கை அப்படியே அங்கே கொண்டுபோய் வைத்த மாதிரி இருக்கும்.

ஆனால் நாலாம் பகுதியில் ஒரு இடம் வரும். ஐவரும் தோற்றுப்போய் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் சோறு சாப்பிடுவார்கள். சிவப்பு வீரன் தன் கோப்பையில் இருந்ததைப் பாதி மஞ்சளின் கோப்பையில் போடுவான். மஞ்சள் அதைத் திருப்பிப் போடுவான். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் மிச்சத்தை ஏன் இப்படிச் செய்தார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நல்லாய் வர வேண்டிய பிள்ளை கெட்டுப்போகிறதைப் பார்க்கிற மாதிரி.

ஐந்து வீரருக்கு நாங்கள் நாலு பேர். நான் சிவப்பு. அண்ணை நீலம். ரீச்சர் இளஞ்சிவப்பு. மீட்டர் வாசிக்கிற தம்பி மஞ்சளுக்கும் பச்சைக்கும் சேர்த்துக் கதைப்பான். பச்சைக்கு மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வான். சிவப்புக்கு என்னைக் கேட்டதே எனக்குப் பெரிய காரியம். சாவைத் தவிர வேறொன்றைச் சொல்ல என் குரலை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பகுதிக்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் என்றார்கள். முதலில் இருபத்தாறு பகுதி. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரை மைக்கைப் பார்க்கத் தேவையில்லை.

மாதிரிக்கு ஒரு பகுதி செய்து காட்டச் சொன்ன முதலாளி, ஏழாம் பகுதியைத் தெரிவு செய்தார். அதிலேதான் அழுகை கூடுதல் என்றார். அந்தப் பகுதியில் சிவப்பு வீரன் சாகிறான்.

இதை ரீச்சர் எனக்கு அன்று காலையில்தான் சொன்னார். முதலே சொன்னால் நான் வரமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். மனைவியைத் தனியே வீட்டில் விடப் பயந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவள் பின் கதிரையில் இருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

சாகிற இடம் வந்தது. திரையில் ஒருவரும் இல்லை, புகை மட்டும்தான். கதை சொல்லுகிறவரின் குரல் ஒன்று வரும். ரீச்சர் எழுதியிருந்தது ஒரே வரி: ‘இன்று எங்கள் சிவப்பு வீரன் வீழ்ந்தான்.’ அதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது, வேறு ஆள் இல்லை. சொன்னேன்.

முதலாளி தலையை ஆட்டினார். “உது காணாது தம்பி. செத்த மாதிரியே இல்லை. உம்மடை தொழிலிலை சொல்லுவீரெல்லே, அப்பிடிச் சொல்லும்.”

“அது சரிவராது ஐயா.”

“ஏன் சரிவராது?”

நான் மனைவியின் பக்கம் பார்த்தேன். அண்ணைக்கு விளங்கிவிட்டது. “ஐயா, அவர் மனுசி பிள்ளை பெறும்வரைக்கும் செத்தவீட்டுக் கதை கதைக்கிறேல்லை” என்றார்.

“இது நாடகமப்பா! சாகிறவன் காசுக்குச் சாகிறான்.”

“அப்ப மஞ்சளைச் சாக்காட்டுவம்” என்றான் தம்பி. “எனக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை. ஒரு பயமும் இல்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். செய்யாவிட்டால் முதலாளி போய்விடுவார், இருபத்தாறு பகுதியும் போய்விடும், திரும்ப ஓட்டோவுக்குள் ஏற வேண்டும். செய்தால் இப்போதே ஏறிய மாதிரி. பொய்ச் சாவும் சாவுக் கணக்கில் வருமா?

“என்னப்பா, சொல்லுங்கோவன்” என்றாள் மனைவி. “உந்தச் சிவப்பு என்ன எங்களுக்குச் சொந்தமே? துடக்குக் காக்கப் போறமே?”

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். மூடினால் எனக்கு ஓட்டோவின் ஆட்டம் தெரியும். நாக்கு தன் பாட்டில் தொடங்கியது: “தொண்டைமானாற்றைப் பிறப்பிடமாகவும்...” பிழை விட்டது விளங்கியதும் நிறுத்தியிருக்கலாம். பதினொரு வருடத்தில் நடுவில் நிறுத்திப் பழக்கமில்லை. “...ஜப்பானை வதிவிடமாகவும் கொண்ட எங்கள் அன்புக்குரிய வீரர் அவர்கள் இன்று அகால மரணமடைந்தார். அன்னாரின் இறுதிக் கிரியைகள் பின்னர் அறிவிக்கப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.”

முதலாளி கையைத் தட்டினார். “உதுதான்! பிழையோடையே இருக்கட்டும். எங்கடை சனம் உதைத்தான் விரும்பும். எங்கை, பெரிசாப் போடுங்கோ, கேப்பம்.”

அண்ணை அதை வகுப்பறையின் பெரிய ஒலிபெருக்கியில் போட்டார். மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். புழுக்கம் தாங்காமல் பதிவு முடிந்த கையோடு தம்பி யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தான். முதலாளி இரண்டாந்தரமும் போடச் சொன்னார். அதையும் போட்டார்.

கல்வி நிலையத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். செருப்பு இல்லை. கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. வேறு ஒருவரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

“தம்பி, என்ரை பிள்ளையோ?”

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் ஒரேயடியாக உறைத்தது. அவருடைய மகன் ரீச்சரிடம் படித்து நாலு மாதத்துக்கு முன் ஜப்பானுக்குப் போனவன். தொண்டைமானாற்றில் பிறந்து ஜப்பானில் இருப்பவன். அதை ஜப்பான் வகுப்புக் கட்டடத்துக்குள்ளிருந்து என் குரல் இரண்டு தரம் சொல்லியிருக்கிறது. நான் விளையாட்டுக்கு எதையும் சொல்வதில்லை என்று அந்த ஊருக்குத் தெரியும்.

“இல்லையம்மா, இது படம்” என்று ரீச்சர் ஓடிப்போய்ப் பிடித்தார். அந்த அம்மா நம்பவில்லை. “படத்துக்கு ஏன் உவன் சொல்லுறான்? உவன் ஏன் சொல்லுறான்?” என்று கேட்டுக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார். ரீச்சர் மகனுக்கு வீடியோவில் அழைப்பெடுத்தார். மணி அடித்து நின்றது. திரும்ப எடுத்தார். அந்த இரண்டு அழைப்புக்கும் இடையில், நான் சொன்னது உண்மையாகிவிட்டது என்றே நினைத்தேன். என் நாக்கு ஒருவரைக் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். மனைவியின் வயிற்றைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாந்தரம் அழைத்தபோது மகன் எடுத்தான். முகத்தில் மாஸ்க்.

“என்னம்மா, வேலை நேரத்திலை? ஏன் அழுறியள்?”

“முகத்தைக் காட்டு.”

“மாஸ்க் கழட்டேலாதம்மா, இஞ்சை கிழவர் படுத்திருக்கினம்.”

“கழட்டடா!”

கழற்றினான். அந்த அம்மா போனை மூக்குக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார். ரீச்சர் நடந்ததைச் சொன்னதும் அவன் சிரித்தான். “சிவப்பே? அவன் ஒன்பதாம் பகுதியிலை திரும்பி வருவான், ரீச்சர். உந்தத் தொடரை இஞ்சை ஆரும் பாக்கேல்லை. பாதியிலை நிப்பாட்டிப்போட்டாங்களாம்.”

முதலாளியின் முகம் மாறியதை நான் கண்டேன். “நிப்பாட்டினதோ?” என்று ரீச்சரிடம் கேட்டார். “முப்பதாம் பகுதியிலைதான் ஐயா” என்று ரீச்சர் மெதுவாகச் சொன்னார். “நல்லாய் வாற நேரத்திலை நிப்பாட்டிப்போட்டாங்கள்.”

அந்த அம்மா எழும்பிப் போகும்போது என் முன்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். “உன்ரை மனுசி வயித்திலை வைச்சுக்கொண்டு நிக்கிறாள். உனக்கு உது தேவையோ?” என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, “நீ யோசியாத பிள்ளை. வாறதெல்லாம் வாயாலை சொன்னதோடை போயிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி யோசிக்கவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். நான்தான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

மாதிரிக்குரிய ஐயாயிரத்தை முதலாளி கையோடு தந்தார். முதல் ஐந்து பகுதியையும் செய்யுங்கோ, பிறகு பார்ப்பம் என்றார். மூன்று கிழமையில் செய்து கொடுத்தோம். இரண்டு பகுதி இணையத்தில் வந்தது. பார்த்தவர்கள் பெரும்பாலும் எங்கள் சொந்தக்காரர். அதற்குப் பிறகு முதலாளி போனை எடுப்பது குறைந்தது. ஒன்பதாம் பகுதியை நாங்கள் காசு இல்லாமலே, எங்களுக்காக மட்டும் ஒருநாள் போட்டுப் பார்த்தோம். சிவப்பு வீரன் நனைந்த தலையோடு கதவைத் திறந்து வருகிறான். எப்படி வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார்கள். பெரிய ஓட்டை அது. இருந்தாலும் கேட்காமல் விட்டது நல்லது என்று எனக்குப் பட்டது.

வாடைக் காற்றில் படகுகள் கடலில் இறங்கவில்லை, ஐஸ் வேலையும் நின்றது. மனைவிக்கு ஒன்பது மாதம் நடக்கும்போது ஓட்டோவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற கடைக்காரர் வந்து வாசலில் நின்றார். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஒரு பெரியவர் மோசம் போயிருந்தார்.

“வேறை ஆளைப் பாருங்கோ” என்றேன்.

“ஏன் வேறை ஆள்?” என்று உள்ளே இருந்து மனைவி கேட்டாள். “ஆசுப்பத்திரிக்குப் போக ஆர் காசு தாறது, சிவப்பு வீரனே?”

போனேன். ஊர் முழுக்கச் சொன்னேன். எங்கள் ஒழுங்கை வந்ததும் மைக்கை நிறுத்தி, நிற்காமல் போகச் சொல்லி ஓட்டுகிறவரிடம் சைகை காட்டினேன். வீட்டுப் படலையடியில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “இஞ்சை மட்டும் ஏன் சொல்லாமல் போறியள்? அவர் எங்களுக்கும் தெரிஞ்ச மனுசன்தானே” என்றாள். அவளுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து மகள் பிறந்தாள். குறை ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனாலும் அவளுக்குக் காய்ச்சல் வந்தால், இருமினால், பாலைக் கக்கினால் என் மனம் படலையடியில் சொன்ன அந்த ஒரு நாளுக்குத்தான் ஓடுகிறது. பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தால் போதும். முதலாளி சொன்னபடி தந்திருந்தால் பொறுத்திருப்பேன். போன கிழமையும் போன் எடுத்தேன். அதிசயமாக எடுத்தார். “வாற கிழமை பாப்பம் தம்பி” என்றார். ஐந்து பகுதிக்கும் எனக்கு வரவேண்டியது இருபத்தையாயிரம் ரூபாய்.